எட்டு எம்.எம். ஊசி

ஊசி மருந்தில் மில்லிகிராம் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு உசத்தி என்று நான் முழுசாக நம்பினேன். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? சல்லடையில் நிற்கும் எட்டு எம்.எம். காய்க்கு ஒரு விலை, கீழே விழும் பொடிக்காய்க்கு ஒரு விலை. கண் அப்படியே பழகிவிட்டது.

இடது காலின் சுண்டு விரலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. தேனியில் டாக்டரம்மா அதை அமுக்கிப் பார்த்தார். வலிக்கவே இல்லை என்று பெருமையாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வலிக்காததுதாண்ணே பயமே. சுகரும் எடையும் எறங்கலேன்னா இந்த வெரலக் காப்பாத்துறது கஷ்டம்."

சுகருக்குத் தின்றுகொண்டிருந்த மாத்திரையோடு வாரம் ஒரு ஊசியும் எழுதினார். தொடக்கம் பாயிண்ட் ரெண்டு அஞ்சு மில்லிகிராம். உடம்பு பழகப் பழக அவரே கூட்டுவார், நானாகக் கூட்டக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

என் மச்சினனுக்கும் சுகர். அவனுக்கு வேறு டாக்டர், வேறு ஊசி. என் ஏலக்காய்க் கடையில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவனுடையதில் அஞ்சு மில்லிகிராம்.

"மச்சான், ஒங்களுக்குப் பொடிக்காயத் தள்ளிவிட்டுட்டாக."

"ஏலே, ஒனக்குத் தொப்பை பெருசு. அதான் பெரிய நம்பரு."

"தொப்பைய விடுங்க. வெரல் யாருக்குப் போகப் போகுது?"

விளையாட்டாகத்தான் சொன்னான். நான் அன்றைக்கெல்லாம் கல்லாவுக்கு அடியில் குனிந்து, விரல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டும் வெவ்வேறு மருந்து, ஒன்றின் மில்லிகிராமை வைத்து இன்னொன்றை அளக்க முடியாது என்று மருந்துக் கடையில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியில் அளவு வைக்கும் திருகைக் கடைசி எண் வரை திருகி வயிற்றில் குத்திக்கொண்டேன்.

வாந்தி பிடித்தது. எடை வெளியே போகிறது என்று அதையும் கொண்டாடினேன். மனைவி வாளியைக் கழுவி வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"கத்தரிக்கா வாங்கப் போனாலும் பெருசாப் பாத்துப் பொறுக்கி, பூச்சியோட கொண்டாந்து போடுற ஆளு நீங்க. என்னத்தப் பண்ணித் தொலைச்சீக?"

அப்போதும் சொல்லவில்லை. குடித்த தண்ணீர்கூடத் தங்காமல், ஒன்றுக்குப் போவதும் நின்ற பிறகுதான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் அடிவாங்கியிருந்தது. ஊசியை நிறுத்தினார்கள், மாத்திரையையும் நிறுத்தினார்கள். சுகர் ஏறியது. புண் அதற்குள் எலும்பைத் தொட்டிருந்தது.

மச்சினன் கட்டிலருகில் நின்று, "சும்மா சொன்னேன் மச்சான்" என்றான்.

"திருகுனது நாந்தான மாப்ள" என்றேன்.

சுண்டு விரலை எடுத்தார்கள். அழுகல் பரவியிருந்ததால் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். இப்போது தினமும் இன்சுலின் போடுகிறேன்.