எண்பத்தைந்து லென்ஸில் எடுத்த படங்கள்

இதைக் கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நடந்தது எனக்கு. என் பெயர் அன்ஜும், கடை தருமபுரியில். அந்த லேப்டாப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ராத்திரியில் நடந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை, பட்டப்பகலில் நடந்தது. பகலில் பயமில்லை என்று தைரியமாக இருக்கிறீர்கள் பாருங்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.

நானும் குல்ஷனும் பள்ளிக்கூடத் தோழிகள். இரண்டு பேரும் சேர்ந்து கல்யாணப் படம் எடுக்கிறோம். எங்கள் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் வரமுடியாது. அதனால் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அந்தப் படங்களை எல்லாம் தனி லேப்டாப்பில் வைப்போம். அதில் நெட் கிடையாது. பாஸ்வேர்டு எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். எங்களை நம்பித்தானே பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டு கேமரா முன்னால் உட்காருகிறார்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நஸீமா ஆன்ட்டி போன் செய்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள்தான் படம் எடுத்தோம்.

"ஏம்மா அன்ஜும், பின்னாடியெல்லாம் கலங்கலா, மூஞ்சி மட்டும் பளிச்சுன்னு இருக்குமே, அந்தப் போட்டோவாப் பாத்து எடுத்து வைம்மா. சாயங்காலம் வர்றேன்."

அப்படிப் படம் எடுக்க என்னிடம் இருப்பது ஒரே லென்ஸ். எண்பத்தைந்து எம்.எம். நோன்புப் பெருநாளுக்குக் குல்ஷன் பரிசாகக் கொடுத்தது. "பெங்களூர்ல வாங்குனேன்டீ. புத்தம் புதுசு. உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவ்வளவு பைத்தியக்காரி நான்.

ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் விடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்தக் கேமரா, எந்த லென்ஸ், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பதிந்திருக்கும். போகஸ் ஆன ஆள் எத்தனை மீட்டர் தள்ளி இருந்தார் என்பதுகூட எங்கள் கேமராவில் பதிவாகும். லென்ஸ் பெயரைக் கொடுத்துத் தேடினால் போதும். நான் அவசரத்தில் நஸீமா ஆன்ட்டி வீட்டு போல்டரைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டேன். மொத்த லேப்டாப்பிலும் தேடியது.

அது ஜும்ஆ தொழுகை நேரம். தெருவில் ஆள் இல்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். லென்ஸ் எனக்குப் பின்னால் பீரோவில் இருந்தது. பீரோ பூட்டியிருந்தது.

நான் எடுத்த கல்யாணங்கள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு மேலே, நான் பார்த்தே இராத சில படங்கள். தேதியைப் பார்த்தேன். பெருநாளுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கியிருந்தன.

புத்தம் புதுசு என்றாளே?

எல்லாப் படத்திலும் குல்ஷன். எல்லாம் முதுகுப் பக்கம். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். ஒன்பது மீட்டர். வத்தல்மலை வளைவில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நிற்கிறாள். ஆறு மீட்டர். சமையலறையில் பாத்திரம் கழுவுகிறாள். மூன்று மீட்டர்.

அவள் வீட்டுக்காரர் எடுத்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்த படத்தில் அவள் கண்ணாடி முன் தலை வாருகிறாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிகிறது. அவளுக்குப் பின்னால் சுவர் தெரிகிறது. படம் எடுத்தவர் நிற்கவேண்டிய இடத்தில்...

யாரும் இல்லை.

கடைசிப் படம் ஒரு மீட்டர். பெருநாளுக்கு முந்தைய நாள் எடுத்தது.

திரையைக் கீழே தள்ளினேன். பெருநாளுக்குப் பிறகு ஒரு படம். அதில் இருந்தது குல்ஷன் இல்லை.

நான்.

மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறேன். ஒன்பது மீட்டர்.

நல்லம்பள்ளி மண்டபத்தில் சாப்பிடுகிறேன். ஐந்து.

என் அறையில் தொழுகிறேன். நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் இருக்கிறேன். இரண்டு.

தாழ்ப்பாள் போட்ட அறை அது.

அடுத்த படத்தில் இதே கடை. இதே நாற்காலி. என் முதுகு. இன்று காலை நான் போட்ட அதே பச்சைத் துப்பட்டா.

மணி 1.17.

கடிகாரத்தைப் பார்த்தேன். 1.17.

பின்னால்...

டிக்.

திரையில் இன்னொரு படம் வந்து உட்கார்ந்தது.

ஒரு மீட்டர்.

நான் திரும்பவில்லை. அல்லாஹ்மீது ஆணை, திரும்பவில்லை. ஷட்டருக்கு அடியில் ஊர்ந்து வெளியே வந்தேன். செருப்புகூடப் போடவில்லை. வெயிலில் ஓடிக் குல்ஷன் வீட்டுக் கதவைத் தட்டினேன். என் சொந்தக்காரர்கள் யார் நினைவும் வரவில்லை. பயந்தால் அவளிடம் ஓடித்தான் எனக்குப் பழக்கம்.

கதவைத் திறந்தாள். மூச்சிரைக்க நின்றேன். என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை.

"எத்தன மீட்டர்?" என்றாள்.



"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு ஒண்ணு வரைக்கும் வந்துடுச்சு அன்ஜூ."

"அதனால என் தலையில கட்டுனியா?"

"வித்துப் பாத்தேன். மறுநா காலைல எங்க வூட்டு பீரோவுல இருக்கு. எங்க அக்காவுக்குக் குடுத்தேன். அதுவும் திரும்பி வந்துடுச்சு. நம்மள முழுசா நம்புறவங்களுக்குக் குடுத்தாத்தான் போவுமாம்."

"யாரு சொன்னா?"

"எனக்குக் குடுத்தவ."

"எத்தன பேரு இருக்காங்க. ஏன்டீ நானு?"

குல்ஷன் அழுதாள். "நீ ஒருத்திதான்டீ என்னைய அப்படி நம்புன."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் கண் என் முகத்துக்கு வரவேயில்லை. என் முகத்தைப் பார்க்கக்கூட வெட்கம் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் என் தங்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். பீரோவில் லென்ஸ் வைத்த இடத்தில்தான் இருந்தது. லேப்டாப்பில் ஒரு புதிய படம் இருந்தது.

குல்ஷன் வீட்டு வாசல். படத்தில் பாதியை என் தோள் மறைத்திருக்கிறது. போகஸ் ஆகமுடியாத அளவுக்குப் பக்கத்தில் இருந்து எடுத்ததால் தோள் வெறும் பச்சைக் கலங்கலாகத் தெரிகிறது. அதற்கு அந்தப் பக்கம் குல்ஷன் முகம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

என்னிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது என் பின்னால் நின்றது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.