குளிரை விரட்டிய செசிலியம்மா

செசிலியம்மா காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் பஸ் கண்டக்டர். காலையில் சேலத்திலிருந்து வரும் முதல் பஸ் ஏற்காட்டில் வந்து நின்றதும் இறங்கி, நான் டீ குடித்துக்கொண்டிருந்த கடைக்கே நேராக வந்தார். "சார், நம்ம நர்ஸம்மா போயிட்டாங்க. நேத்து சாயங்காலம். அவங்க தம்பி மகன் அடிவாரத்துல நின்னு சொல்லி அனுப்பினாருங்க" என்றார். டீயை வைத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். இறங்கும் வழியெல்லாம் வளைவுக்கு வளைவு அவர் முகம்தான் நினைவில் வந்தது. கூடவே அவருடைய இன்னொரு முகமும் வந்தது. சாக்குத் துணியில் தைத்து, சிவப்புத் துணியில் நாக்குத் தொங்கவிட்டு, அவரைக்கொட்டையைப் பல்லாகக் கோத்த முகம்.

அந்த முகமூடியை இந்த மலையில் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மலைக்குக் கணக்கு வாத்தியாராக வந்தபோது, பள்ளிக்கு எதிரே கன்னியர் மடத்துக்காரர்கள் நடத்திய சிறிய மருந்தகம் இருந்தது. அதை நடத்தியவர் யூகோஸ்லாவியாவில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்த வயதான சிஸ்டர். அவரிடம் நர்ஸாக இருந்தவர் செசிலியம்மா. இதே மலையில் எஸ்டேட் தொழிலாளர் லைனில் பிறந்தவர். குள்ளமான உருவம், வேகமான நடை. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மாரமங்கலம் வரைக்கும் நடந்தே போய்வருவார்.

சிஸ்டரின் ஊரில் ஒரு வழக்கம் உண்டாம். தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, இடுப்பில் பெரிய மாட்டு மணிகளைக் கட்டிக்கொண்டு, பயங்கரமான முகமூடியோடு ஆட்கள் வீடு வீடாகப் போய்க் குதிப்பார்களாம். அந்த மணிச் சத்தத்துக்குப் பயந்து குளிர்காலம் ஓடிவிடும், வசந்தம் வந்துவிடும் என்று நம்பிக்கை. எவ்வளவு உயரம் குதிக்கிறார்களோ அவ்வளவு உயரம் பயிர் வளருமாம். வந்தவர்களின் இடுப்பில் பெண்கள் கைக்குட்டை கட்டிவிடுவார்களாம். சிஸ்டர் இதை ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

அவர் படுத்த படுக்கையான வருடம் ஜனவரிக் குளிர் கடுமையாக இருந்தது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. மருந்தகத்து ஜன்னலுக்கு வெளியே திடீரென்று மணிச் சத்தம். மலைக்காரர் போர்த்தும் கருப்புக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, எஸ்டேட் மாடுகளின் கழுத்து மணி ஐந்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓர் உருவம் குதித்தது. நாங்கள் யாரோ லாரி டிரைவர் என்றுதான் நினைத்தோம். சிஸ்டர் மட்டும் தலையணையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தவர், சத்தமாகச் சிரித்தார். "செசிலி, இன்னும் உயரமா!" என்றார். ஈஸ்டர், அந்த உயிர்ப்பு ஞாயிறு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அடுத்த வருடமும் அதே செவ்வாய்க்கிழமை செசிலியம்மா மணியைக் கட்டினார். அதற்கடுத்த வருடமும். எஸ்டேட் லைன்களில் இருந்து நாலைந்து இளவட்டங்கள் சேர்ந்துகொண்டார்கள். எனக்குத் தப்பு மேளம் அடிக்க வரும் என்பது தெரிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டார். போகும் வீடுகளில் முட்டையும் ஆரஞ்சும் கொடுப்பார்கள். மாலையில் அந்த முட்டைகளை மைதாவில் போட்டுப் பிசைந்து, எண்ணெயில் உருண்டை உருண்டையாகப் பொரித்து எல்லோருக்கும் தருவார். மறுநாளிலிருந்து ஒருசந்தி நோன்பு. புதிதாக வந்த பங்குச் சாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "இது நம்ம வழக்கம் இல்லையேம்மா" என்றார். செசிலியம்மா பணிவாகத்தான் பதில் சொன்னார்: "குளிர் நம்ம குளிர்தானுங்க ஃபாதர்." சாமியார் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது நான்காவது வருடம் நடந்ததை.

அந்த முறை மாரமங்கலம் பக்கம் போகலாம் என்று முடிவு செய்தோம். நாங்கள் ஆறு பேர். பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மணியடித்துக்கொண்டே நடந்தோம். உச்சி வேளைக்கு ஒரு சிற்றூருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். பாதையின் குறுக்கே வேப்பிலை கட்டிய கயிறு. நான் அதைக் கவனிக்கவே இல்லை. தப்பை ஓங்கி அடித்தபடி முன்னால் போனேன். கையில் தடியோடு ஒருவர் ஓடிவந்தார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர்.

"நில்லுங்க! யாருங்க நீங்க? உள்ள வரப்படாது. ஊட்டுல ஆத்தா வந்திருக்கா. சத்தம் ஆகாதுங்க!"

அம்மை கண்ட ஊர். விலகிப் போயிருக்க வேண்டும். ஆனால் அவர் தடியின் முனையால் என் தப்பைத் தட்டிவிட்டார். அது கீழே விழுந்து உருண்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பல்லைக் கடித்தபடி, அடங்கிய குரலில் ஒரு சொல் சொன்னேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அவர் தடியை ஓங்கினார். எங்கள் பையன்களில் ஒருவன் கல்லைப் பொறுக்கினான்.

செசிலியம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தார். முகமூடியைக் கழற்றினார். மணிகளைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மண்ணிலேயே உட்கார்ந்தார்.

தடி இறங்கியது. "ஊசி போடற அம்மாங்களா?" என்றார் அவர்.

"நானேதானுங்க. தெரியாம வந்துட்டோம், மன்னிச்சுக்கங்க. யாருக்குங்க ஆத்தா வந்திருக்கு?"

"எம் மகளுக்குங்க. பழனியம்மா. நாலு வயசு."

"எத்தன நாளாச்சுங்க?"

"ஆறு."

"மூச்சு வாங்குதுங்களா?"

அவர் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார்.

"நீங்க கூப்புடாம கயித்தத் தாண்ட மாட்டேனுங்க. இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார் செசிலியம்மா. எங்களைப் பார்த்து, மணி நாக்கையெல்லாம் துணியால் கட்டச் சொன்னார். கைக்குட்டைகளைக் கிழித்துக் கட்டினோம். அரை மணி நேரம் இருக்கும். பிறகு குழந்தையின் தாய் வந்தாள். வந்து, கயிற்றைக் கையால் தூக்கிப் பிடித்தாள்.

மஞ்சள் நீரில் கையும் காலும் கழுவிக்கொண்டு செசிலியம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. சளி நெஞ்சில் இறங்கிவிட்டது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிழைக்கும் என்றார். ஆத்தா இறங்காமல் குழந்தையை வெளியே எடுக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர் மறுத்தார்.

"ஆத்தாளையும் சேத்துத்தானுங்க தூக்கிட்டுப் போறேன்" என்றார் செசிலியம்மா. "வேப்பிலையோடயே போவோம். வழியில சத்தம் வராது. ஆஸ்பத்திரிக் கட்டில்லயும் வேப்பில வெக்கிறேன். எம்பேச்ச நம்புங்க."

பெரியவர் குழந்தையின் தகப்பனைப் பார்த்தார். தகப்பன் தலையாட்டினார்.

செசிலியம்மா தான் போர்த்தியிருந்த கருப்புக் கம்பளியை உதறி, உள்பக்கமாகத் திருப்பி, அதில் வேப்பிலை பரப்பிக் குழந்தையைச் சுற்றினார். தகப்பன் தூக்கிக்கொண்டார். நாக்குக் கட்டிய மணிகளோடு நாங்கள் பின்னால் நடந்தோம். இரண்டு மைல் தூரம், காலடிச் சத்தத்தையும் அந்தக் குழந்தையின் மூச்சையும் தவிர எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் சனங்கள் வேப்பிலையைப் பார்த்ததும் தாங்களாகவே எழுந்து பின்னால் போனார்கள்.

பழனியம்மா பிழைத்துக்கொண்டாள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். செசிலியம்மா சொன்னபடியே தினமும் புது வேப்பிலை மாற்றினார், டாக்டர் முறைத்ததைப் பொருட்படுத்தாமல்.

அடுத்த வருடம் அந்த ஊர்க்காரர்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். குழந்தையின் தகப்பன் செசிலியம்மாவைத் தன் சாமைக் காட்டுக்குக் கூட்டிப்போய், "இந்த மூலையில போன வருசம் வெளையலீங்க. நல்லா எட்டிக் குதிங்கம்மா" என்றார். ஐம்பதை நெருங்கிய அந்தப் பெண்மணி குதித்த குதியைப் பார்த்து ஊரே சிரித்தது. பழனியம்மா பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள்.

பிறகு மூட்டு வலி வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சேலத்தில் தம்பி வீட்டுக்குப் போனார். போன கோடையில் பார்க்கப் போயிருந்தேன். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இங்க வெரட்டறதுக்குக் குளிரே இல்லீங்க சார். நொம்ப போரடிக்குது" என்றார். அன்றைக்காவது அந்தச் சொல்லைப் பற்றிப் பேச நினைத்தேன். வாய் வரவில்லை.

அந்தச் சொல்லை அன்று அருகில் இருந்து கேட்டவர்கள் இருவர்தான். ஒருவர் அந்தத் தகப்பன். ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் அவரைத் தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "எம் புள்ள பொழச்சுட்டாளுங்க வாத்தியாரே, விடுங்க" என்றார். மற்றவர் செசிலியம்மா. அவர் என்னைக் கண்டிக்கவில்லை. பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது ஒரே ஒரு தடவை சொன்னார்: "சார், அது அவங்க ஊடு. நாம வாசல்ல நிக்கிறவங்க." அவ்வளவுதான். பள்ளியிலோ கோயிலிலோ அவர் ஒரு வார்த்தை விட்டிருந்தாலும் பிள்ளைகள் முன்னால் நான் தலை நிமிர்ந்து நின்றிருக்க முடியாது. இருபது வருடத்துக்கு மேல் என் மானத்தை அவர் காத்து வைத்திருந்தார்.

மகள் நெஞ்சடைத்துக் கிடக்க, வழி மறித்து நின்ற ஒரு தகப்பனைப் பார்த்து நான் சொன்ன சொல், "காட்டுமிராண்டி." இனி அதைக் காத்து வைக்க வேறொருவர் இல்லை. அதனால் நானே சொல்லிவிட்டேன். செசிலியம்மாவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது, பிறருடைய தவற்றை வெளியே சொல்லாமல் அவர் காத்த அந்த மௌனம். என் தவற்றுக்கு அது இனி வேண்டாம். மற்றவர்களின் தவற்றுக்காக அதை என்னிடம் வைத்துக்கொள்கிறேன்.