ஃபேக்ஸ் முகப்புத் தாளில் ஒரு பெரிய எழுத்து

அந்த முகப்புத் தாளை நான் ஒழுங்காத்தான் செஞ்சு வெச்சிருந்தேன். இன்னிக்கும் யாரு கேட்டாலும் சத்தமாச் சொல்லுவேன். யாரும் கேக்கறதில்லை, அது வேற கதை.

தொண்ணூறுகளோட கடைசிப் பக்கம். சிங்காநல்லூர்ல ஒரு மோட்டார் பம்பு கம்பெனி, ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ஒழுங்காத் தெரிஞ்ச ஒரே ஆள் நான். சூலூர்ல இருந்து பஸ்ஸுல வருவேன். ரெண்டு வருசமாத் தற்காலிக வேலை. பங்குனி முடிஞ்சதும் பர்மனென்ட் பண்ணிர்றோம்னு மொதலாளி வாயாலயே சொல்லியிருந்தார். வீட்டுல எங்கப்பா ஒரே பிடியா நின்னார். வேலை நிரந்தரமானா ரெண்டு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டாராம், இல்லாட்டி வெள்ளகோவில் சம்பந்தத்துக்குச் சரின்னு சொல்லிருவாராம். அந்த வீட்டுல மருமகள் வேலைக்குப் போறதே ஆகாதுன்னு முதல் நாளே சொல்லிப்போட்டாங்க. எனக்கு வேலைக்குப் போகணும். அவ்வளவுதான், வேற ஆசை எதுவும் எனக்கில்லை.

அப்பத்தான் ஃபேக்ஸைக் கம்ப்யூட்டர்ல இருந்தே அனுப்பற சாஃப்ட்வேர் வாங்குனாங்க. மேல போற முகப்புத் தாளை நாமளே, எழுத்தோட அளவு தடிமனையும் சேத்து வெக்கற ரிச் டெக்ஸ்ட் ஃபைலாச் செஞ்சு வெக்கணும். அதுல பேரு வர்ற எடத்துல பேரை அடிக்கறதில்லை. நெளிவு அடைப்புக்குள்ள ‘ரெசிப்பியன்ட் நேம்’னு ஆங்கிலத்துல அடிச்சு வெச்சாப் போதும், அனுப்பறப்ப யாருக்குப் போகுதோ அவங்க பேரு தானா வந்து உக்காந்துக்கும். தேதி, பக்கக் கணக்கு எல்லாமே அப்படித்தான். ஒரே ஒரு விசயம், அந்தக் குறிச்சொல் பூராவும் ஒரே அளவு, ஒரே தடிமன்ல இருக்கணும். நடுவுல ஒரு எழுத்தை மாத்துனா ஃபைலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு நுழைஞ்சு சொல்லை ரெண்டாப் பொளந்துரும். அப்புறம் மெஷினுக்கு அடையாளம் தெரியாது. பத்து நாள் மண்டைய ஒடச்சுக்கிட்டு இதை நானே கண்டுபிடிச்சேன்.

சின்ன மொதலாளி வந்து பாத்தார். மொதலாளியோட ஒரே பையன், கல்யாணமாகி ஆறு மாசம், எக்ஸ்போர்ட் பூராவும் அவர் கையில.

“ஏனுங்க அம்மணி, பேரு இப்படி மொட்டையா நிக்குது? கல்யாணப் பத்திரிகைல போடற மாதிரி முதல் எழுத்தை நல்லாப் பெருசாப் போடுங்க. பெரிய மனுசங்களுக்குப் போறது, ஒரு மரியாதை வேண்டாமுங்களா?”

“அதுல கை வெக்கக்கூடாதுங்க. அது பேரில்லீங்க, பேரு வந்து உக்கார்ற எடம். ஒரு எழுத்தைப் பெருசாக்குனாக் கூடப் பேரே வராதுங்க.”

“சரீங்க, சரீங்க”ன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டார். கேட்டுக்கிட்டார்னு நானும் நம்பிப்போட்டேன், மடச்சி.

அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு. திங்கக்கிழமை வந்தா ஆபீஸே எழவு வீடாட்டம் கெடக்குது. துபாய்ல இருக்கற பெரிய வாடிக்கையாளருக்குப் போன விலைப்பட்டியல்ல, அவர் பேரு வரவேண்டிய எடத்துல அடைப்புக்குறியோட ‘ரெசிப்பியன்ட் நேம்’னே போயிருக்குது. அதுவும் முதல் எழுத்து மட்டும் கொட்டை எழுத்துல! மனுசன் அதைச் சுத்தி வட்டம் போட்டு, எனக்குப் பேரே இல்லையான்னு கையாலயே எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். ஃபைலைத் தெறந்து பாத்தேன். சனிக்கிழமை மத்தியானம் திருத்திச் சேமிச்சதுன்னு கம்ப்யூட்டரே காட்டுது.

மொதலாளி உள்ள கூப்பிட்டார். பையனும் நின்னுக்கிட்டிருந்தார், சுவத்துக் காலண்டரையே பாத்துக்கிட்டு.

“இங்க பாரு கண்ணு, யாரு பண்ணுனதுன்னு எனக்குத் தெரியாமலா இருக்குது? ஆனா இவன் அந்தாளுகிட்ட இன்னும் எத்தன வருசம் யாவாரம் பண்ணோணும்! நீ உன் பேர்ல, தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வருத்தக் கடுதாசி போட்டுரு. நீ எங்கூட்டுப் புள்ள மாதிரி. உன் பர்மனென்ட் ஆர்டரை நான் பாத்துக்கறேன்.”

எங்கூட்டுப் புள்ள! அந்த ஒரு சொல்லுல உருகிட்டேன். வேலையும் கையில நிக்குமேன்னு கணக்கும் போட்டேன், பொய் சொல்லலை. என் கவனக்குறைவுதான் காரணம்னு அடிச்சு, கையெழுத்துப் போட்டு, அனுப்பிவிட்டேன். துபாய்க்காரர் மனசு எறங்கி ஆர்டர் குடுத்தார்.

பங்குனி போச்சு, சித்திரையும் போச்சு. பர்மனென்ட் ஆர்டர் வரலை. மொதலாளிகிட்டப் போய் நின்னேன். “இப்பெல்லாம் பையன்தான் பாக்கறான், அவனைக் கேட்டுக்க கண்ணு”ன்னு தலையை நிமுத்தாமலே சொன்னார்.

பையன் என் பேர் போட்ட ஃபைலை எடுத்தார். உள்ள ஒரே ஒரு தாள்தான் இருந்துச்சு, நான் கையெழுத்துப் போட்ட அதே கடுதாசி.

“உங்க கவனக்குறைவுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இதை வெச்சுக்கிட்டு எப்படிங்க பர்மனென்ட் பண்றது?”

கிண்டலோன்னு அவர் மூஞ்சியப் பாத்தேன். கிண்டலும் இல்லை, கூச்சமும் இல்லை. மூணே மாசத்துல அந்தப் பொய் அவருக்கே நெசமாயிருச்சு.

“அந்த முதல் எழுத்துல கை வெக்காதீங்கன்னு நான் அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்களே அம்மணி”ன்னார், நெசமான வருத்தத்தோட.

ஆவணியில எனக்கு வெள்ளகோவில்ல கல்யாணம் ஆச்சு.