பாட் கான்ஸ்டாட்டில் பெண் கேட்ட கதை

சனிக்கிழமை காலை 7.40க்கு பீலெஃபெல்டிலிருந்து ரயில் புறப்பட்டது. ஸ்டுட்கார்ட்டுக்கு சுமார் 450 கிலோமீற்றர். தம்பி குகன் விரும்பும் துருக்கிப் பெண் எலிஃபை முறைப்படி கேட்கப் போகிறோம். அவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று ஒரு வருடமாக ஒற்றைக்காலில் நிற்கிறான். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஆகவே கேட்கும் பொறுப்பு அக்காவான என் தலையில் விழுந்தது. மடியில் 28 யூரோப் பூங்கொத்து, பக்கத்தில் சொக்லேற் பெட்டி.

"அக்கா, அங்கை போய்க் கனக்கக் கதைக்காதேங்கோ" என்றான் குகன்.

"நான் எப்பயடா கனக்கக் கதைச்சனான்?" என்று தொடங்கி, ஹனோவரில் ரயில் மாறும்வரை அதைப் பற்றியே கதைத்துக்கொண்டு போனேன்.

பிற்பகல் 2.00. ஸ்டுட்கார்ட்டின் பாட் கான்ஸ்டாட் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீடு. சப்பாத்தைக் கழற்றியதும் வீட்டுச் செருப்புத் தந்தார்கள். எலிஃபின் அப்பா கார்த் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர், அதிகம் பேசமாட்டார். எலிஃப் கோப்பி கொண்டுவந்து தந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளையின் கோப்பையில் உப்புப் போடுவது அவர்கள் வழக்கம். முகம் சுளிக்காமல் குடித்தால் பொறுமைசாலியாம். குகன் கண்ணில் நீர் முட்ட, கோப்பையை விட்டுப் பார்வையை எடுக்காமல் குடித்தான். இனி அவனால் எனக்கு ஒரு உதவியும் இல்லை.

2.40. ஜெர்மன் மொழியில் கேட்டேன்: "உங்கள் மகளை என் தம்பிக்குத் தருவீர்களா?"

அவர் புருவத்தை உயர்த்தி நாடியைத் தூக்கினார். 'என்ன?' என்கிறார், பாவம் காது மந்தம் என்று நினைத்தேன். இன்னும் உரக்கக் கேட்டேன்.

மறுபடியும் புருவம், கூடவே ஒரு 'ச்சு'. அனாதைப் பிள்ளைகள் என்று இரங்கிச் சூக்கொட்டுகிறாராக்கும் என்று மனம் உருகிவிட்டேன். தம்பியை நான் வளர்த்த கதை முழுவதையும் சொன்னேன்.

மூன்றாம் தரம் கேட்டபோது அவர் தலை பின்னால் சாய்ந்து முகட்டையே பார்த்தது. கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார் போலும்.

"ஐயா, ஆறுதலாக யோசியுங்கள். பத்துத் தரம் வரவேண்டி இருந்தாலும் வருவேன்" என்றேன்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பித் துருக்கி மொழியில் ஏதோ சொன்னார். பிறகு மெல்லத் தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடினார். மனிதர் நித்திரையாகிவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் எலிஃபின் அம்மா எழுந்து என்னைக் கட்டிப்பிடித்து இரு கன்னத்திலும் முத்தமிட்டார்.

மாலை 6.20, திரும்பும் ரயில். எலிஃப் தொலைபேசியில் சிரித்துச் சிரித்து விளக்கினாள். புருவமும் சூக்கொட்டலும் அவர்களுக்கு 'இல்லை'. கண்ணை மூடித் தலை தாழ்த்தினால்தான் 'ஆம்'.

"அவ்வளவு தூரம் என்னை அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. மூன்று தரமும் மறுத்தார். நீங்கள் அசையவே இல்லை. 'இந்தப் பெண் என் மகளையும் இலேசில் கைவிடமாட்டாள்' என்று அம்மாவிடம் சொன்னாராம்."

குகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, அவர் மாட்டன் எண்டது உங்களுக்கு விளங்கினதே?"

"ஓம், முதலே விளங்கினதுதான்" என்றேன்.

பொய். நான் பெரிய ரோசக்காரி. முதல் 'இல்லை' விளங்கியிருந்தால், அந்த நிமிடமே சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு படியிறங்கியிருப்பேன்.