வீடு பார்க்க வந்தவர் கேட்ட கேள்வி

நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். 1961 ஆடியில், தென்காசியில், பட்டப்பகலில் ராபியாவுக்கு நடந்தது இது.

உம்மாவின் வயிற்றுக் கட்டியை உடனே அறுத்தெடுக்காவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் வாப்பா மூசா வீட்டை விற்கத் துணிந்தார். வாங்குகிறவர், வீட்டைச் சோதித்து வர இலஞ்சிக் கொத்தனார் குத்தாலிங்கத்தை அனுப்பினார். அவர் சரி என்றால் மறுநாளே அச்சாரம்.

மூன்று மணிக்கு வந்தவர், கரண்டிக் காம்பால் சுவர் சுவராகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

“சுவரு கெட்டி அண்ணாச்சி. உச்சிதான் உங்களுக்குப் போல வெளுத்துப்போச்சு.”

வாப்பா சிரித்தார். “பாத்துட்டே இரும். பள்ளிவாசல்ல தொழுதுட்டு ஓடியாரேன்.”

ராபியாவும் உம்மாவும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்நிய ஆணுக்கு முகம் மட்டுமல்ல, குரலும் காட்டுவதில்லை. உள்ளே ஆள் உண்டா என்று வந்தவர் கேட்டால் உள்ளிருந்து கதவில் ஒரு தட்டு. அவர் ஒதுங்கிப் போய்விடுவார்.

கடிகாரம் நாலு அடித்தது. மேற்கு அறை வாசலில் கொத்தனாரின் குரல்.

“உள்ள ஆளு இருக்கா?”

மேற்கு அறை காலி.

டக்.

“சரி தாயி, நா அங்கன வரல.”

ராபியா உம்மாவைப் பார்த்தாள். உம்மாவின் இரு கைகளும் மடியில் இருந்தன. அங்கே யாருமில்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. குரல் வெளியே கேட்கக் கூடாதே... வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்தது கிழக்கு அறை. அதுவும் காலி.

டக்.

“இங்கயுமா?” என்றார் குத்தாலிங்கம்.

பிறகு சத்தமில்லை. ஓட்டின்மேல் சாரல் மட்டும்...

நாலு இருபது. அடுக்களைக் கதவுக்கு வெளியே, மிக அருகில்...

“உள்ள ஆளு இருக்கா?”

அதே குரல்.

ராபியா வேண்டாமென்று தலையாட்டினாள். உம்மாவின் கை அதற்குள் நீண்டுவிட்டது.

டக்.

வெளியே ஒரு மூச்சு.

காலடி இல்லை.

மறுநாள் அச்சாரம் வரவில்லை. வாப்பா இலஞ்சிக்கு ஓடினார். “அறைக்கு அறை ஆளு குடியிருக்கு. அவுகளக் காலிபண்ணாம எப்படிவே விப்பீரு?” என்றார் குத்தாலிங்கம். வாப்பா சத்தியம் செய்தும் வாங்குகிறவர் நம்பவில்லை. பதினாறாம் நாள் உம்மா மௌத்தானாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்த அகமது கபீர் மாமா, கண்டக்டர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “அன்னைக்கி நாலு பத்து இலஞ்சி பஸ்ஸுல கொத்தனார ஏத்துனதே நாந்தான்.”

நாலு இருபதுக்குக் கேட்டது யார் என்று ராபியாவுக்கு இன்றுவரை தெரியாது. ‘இருக்கிறேன்’ என்று உம்மா தட்டிச் சொன்னது மட்டும் தெரியும்.