டான்சிலும் நீலம்

வெட்டும் இயந்திரத்தின் கத்தியைச் சுற்றிச் சேரும் மெழுகுத் துகளைச் சின்னத் தூரிகையால் தட்டியெடுக்கும் வேலையைச் சீவலம்மா யாரிடமும் விட்டதில்லை. நோயாளி உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகுப் பாளத்தில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போடுவது அவள் தொழில். ஆய்வகத்தில் அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். புதிதாக வந்தவர்கள் ஒரு சீவலைக் கிழியாமல் எடுப்பதற்குள் இவள் தன் பங்கை முடித்து டீயும் குடித்திருப்பாள். வாயைக் கட்டத் தெரிந்தவள். எந்தத் தகட்டில் என்னத்தைப் பார்த்தாலும் வெளியே மூச்சு விடமாட்டாள். முகத்தைக் கட்டத்தான் தெரியாது.

அன்று இயந்திரத்தில் மாட்டியிருந்த பாளம் அவளுடைய அக்காவினுடையது. பாளத்தில் எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் ஆபரேஷன் அன்று சதை வைத்த ஜாடி வந்தபோதே அந்த எண் இவள் மனசில் ஒட்டிக்கொண்டது. பெருங்குடலில் புற்றுநோய். அக்கா இப்போது இவள் வீட்டில்தான் படுத்திருக்கிறாள். சொந்தக்காரர் சாம்பிள் என்றால் சொல்லிவிட்டு வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும். அவள் சொல்லவில்லை.

ஆய்வக டாக்டரம்மா கேட்டிருந்தது, உடம்பின் காவல் செல்கள் கட்டிக்குள் எவ்வளவு புகுந்திருக்கின்றன என்று காட்டும் சாயம். அவை பழுப்பாகத் தெரியும், மற்றதெல்லாம் நீலம். பழுப்பு கூட்டமாக உள்ளே இறங்கியிருந்தால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு குறைவு. வெறிச்சோடிக் கிடந்தால் டாக்டர்களின் பேச்சு சுருங்கிவிடும்.

மற்றத் தகடுகளோடு சேர்த்துப் போட்டால் மறுநாள்தான் கிடைக்கும். அவளுக்கு அதுவரை பொறுக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் தனியாக எடுத்துச் சாயம் போட்டு, கிளம்பும் நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நேராகக் கட்டிக்குப் போனாள். நீலம். நகர்த்தினாள். நீலம். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் துடைத்துவிட்டது போல நீலம்.

வீட்டுக்குப் போனவள் அக்காவின் அறைப் பக்கம் போகாமல் சமையலறையிலேயே நின்றாள். அக்காதான் குரல் கொடுத்தாள்.

"என்னடி, பூனை மாதிரி உள்ள வந்த? இங்க வா."

"கை அழுக்கா இருக்குக்கா."

"கையையா கேட்டேன்? மூஞ்சியக் காட்டு."

காட்டினாள். அக்கா பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் டாக்டரம்மா தகட்டைப் பார்த்துவிட்டு ஆள் விட்டார்.

"சீவலம்மா, ஓரத்துல இருக்கிற டான்சிலப் பாத்தீங்களா?"

ஒவ்வொரு தகட்டிலும் நோயாளியின் சதைக்குப் பக்கத்தில் வேறொருவர் தொண்டையிலிருந்து எடுத்த டான்சில் சதை ஒரு துண்டு வைப்பார்கள். அதில் காவல் செல்கள் மொய்த்துக் கிடக்கும், பழுப்பு நிறம் வந்தே தீரவேண்டும். வராவிட்டால் பழுப்புச் சாயமே ஏறவில்லை என்று அர்த்தம். புது ஆட்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது: முதலில் டான்சில், பிறகு மற்றது.

"பாக்கல டாக்டர்."

"டான்சிலும் நீலம். கொதிக்க வெச்சீங்களா?"

சாயத்துக்கு முன்னால் தகட்டைக் கொதிக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழுப்பு பிடிக்காது. நேற்றைய நேரத்தை மனசுக்குள் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். அடுப்பைப் போட்ட ஞாபகமே இல்லை.

"நீங்க இப்படிப் பண்ற ஆள் இல்லையே. யாரோடது இது?"

"எங்க அக்காவுது."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இனிமே இந்தப் பாளத்தத் தொடாதீங்க. போய் எங்கயாவது உக்காருங்க. கத்திகிட்ட மட்டும் வேணாம், விரலச் சீவிக்குவீங்க."

பக்கத்து மேசைக்காரன் புதிதாகச் சீவினான். இரண்டு சீவல் கிழிந்தது. பாளத்தில் எவ்வளவு சதை மிச்சமிருக்கும் என்று எட்டிப் பார்க்கக்கூட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. மதியச் சோற்றைத் திறந்து, அப்படியே மூடினாள். சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டார்.

"டான்சில் நல்லா ஏறியிருக்கு. கட்டிக்குள்ளயும் நெறைய இறங்கியிருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா பக்கத்துல இருக்கிற நெணநீர்க் கணு ஒண்ணுல நோய் பரவியிருக்கு. ரெண்டையும் சேத்து வெச்சுத்தான் பேசணும். முழுசா நல்லதுன்னு நான் சொன்னதா வீட்ல சொல்லிடாதீங்க."

வீட்டில் அக்கா எழுந்து உட்கார்ந்து, தன் புடவைகளை இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது உன் மகளுக்கு, இது உனக்கு. பச்சைய எடுத்துடாத, உனக்கு ஆகாது."

"அக்கா, நேத்து நான் பாத்தது தப்பு. சாயமே ஏறல. இன்னிக்கு மறுபடி போட்டாங்க. நல்லாத்தான் இருக்கு. ஒரு கணுவுல மட்டும் கொஞ்சம் இருக்கு, ஆனா..."

"இருக்கட்டும்டி. உன் மூஞ்சி நேத்தே சொல்லிடுச்சு."

"அது என் தப்புக்கா. கொதிக்க வெக்கல, டான்சிலப் பாக்கல."

"இத்தன வருஷம் தப்பே பண்ணாதவ, என்னோடதுல மட்டும் பண்ணுவியா? ராத்திரி முழுக்க உக்காந்து யோசிச்ச கதை இவ்வளவுதானா?"

"உங்கிட்ட எதுக்கு நான் பொய் சொல்லப் போறேன்?"

அக்கா வயிற்றுத் தையலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மெதுவாக எழுந்தாள். தங்கை மகளுக்கென்று வைத்த அடுக்கை மறு கையில் அணைத்துக்கொண்டு, அதை அவளிடம் இப்போதே கொடுத்துவிட, தங்கையைச் சுற்றிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.