லூர்துமேரியின் பொடி மூட்டை

லூர்துமேரி இறந்த செய்தி உங்கள் எல்லோருக்கும் அன்று காலையிலேயே போனில் வந்துவிட்டதாம். என்னிடம் இருப்பது பட்டன் போன். அதில் கூப்பிட்டுச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜங்ஷன் எதிரே டீக்கடைக்காரர்தான், "மேரியம்மா அடக்கத்துக்குப் போகலீங்களா?" என்று கேட்டார். டம்ளரை வைத்துவிட்டு வேனைக் கிளப்பினேன். கல்லறையில் ஒரு பிடி மண் போட மட்டும் நேரம் கிடைத்தது. அந்த மனக்குறையை உங்களிடம் நேரில் பேசிக்கொள்கிறேன். இது அவரைப் பற்றி எழுதுவது.

நம் செராமிக் யூனிட்டில் அவருக்கு விரிசல் பார்க்கும் வேலை. சூளையிலிருந்து வந்த கோப்பையில் நீல மையைத் தடவி, ஈரத் துணியால் துடைப்பார். நல்ல கோப்பை வெள்ளையாகிவிடும். விரிசல் இருந்தால் மை அங்கே மயிரிழையாகத் தங்கும். அதைக் கழிவுக் குவியலில் போடுவார். நான் வேனில் ஏற்ற வேண்டிய சரக்கு குறைகிறதே என்று சண்டை போடுவேன். "கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமாண்ணே?" என்பார்.

பதினோரு வருடங்களுக்கு முன் என் லோடு வேனில் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. ஒழுகல் என்றால் பெரிதாக இல்லை. விடிந்தால் தரையில் இரண்டு மூன்று சொட்டு. ஆனால் காயவைத்த கோப்பைத் தட்டு ஒன்று அந்த இடத்தில் வைக்கப்பட்டு, எண்ணெய் பட்ட கோப்பைகளில் மேல்பூச்சு பிடிக்காமல் சுருண்டுவிட்டது. முதலாளி சொல்லிவிட்டார்: "சனிக்கிழமைக்குள்ள நிறுத்துங்க. இல்லன்னா வண்டி கேட்டுக்குள்ள வரக்கூடாது." எனக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான்.

பட்டறையில் என்ஜினையே இறக்க வேண்டும் என்றார்கள். பத்து நாள் ஆகுமாம். எந்தப் பட்டறையிலும் தொழில் கற்காதவன் என்று என்னை அவர்கள் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். வண்டியைத் திருப்பி ஓட்டிவந்துவிட்டேன். சொட்டு விழுவது என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியிலிருந்து. எனவே கோளாறு அங்கேதான் என்று முடிவு கட்டி, கசியாமலிருக்க அதன் விளிம்பில் வைக்கும் பேக்கிங்கை இரண்டு முறை மாற்றினேன். இரண்டு முறையும் காலையில் சொட்டு இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் நான் வண்டிக்கு அடியில் கிடந்தபோது சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றார் லூர்துமேரி.

"வண்டியாவது கொஞ்சம் எண்ணெயை விடுது. நீங்க ஒண்ணையும் விடமாட்டேங்கிறீங்களே! வெளிய வாங்க."

அச்சில் மண் ஒட்டாமலிருக்கத் தட்டுவோமே, மெல்லிய துணியில் கட்டிய வெள்ளைக் களிமண் பொடி, அந்த மூட்டை அவர் கையில் இருந்தது.

"எஞ்சினைச் சுத்தமா தொடைங்க. மேல இதைத் தட்டி ஓடவிடுவோம்."

"மண்ணு உள்ள போனா பிஸ்டன் போயிடும். கோப்பைன்னு நெனச்சியா?"

"காத்து இழுக்குற வாயை மூடிக் கட்டுங்க. தட்டிட்டு, ஊதிட்டு, அப்புறம் அவுத்துடலாம். இதுகூட தெரியாதா மெக்கானிக்குக்கு?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். என்ஜினுக்கு மேலிருக்கும் சீட்டைத் தூக்கி வைத்து, கோபத்தோடுதான் துடைத்தேன். அவர் என்ஜின் முழுக்கக் குழந்தைக்குப் பவுடர் போடுவது போல ஒற்றினார். வண்டியை ஓடவிட்டோம். அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றார். கால் மணி நேரம் கழித்து, "அண்ணே, இங்க" என்றார்.

என்ஜினின் உச்சியை மூடும் தலைமூடியின் பின்மூலையில், கை புகாத இடத்தில், வெள்ளைப் பொடியில் ஒரு கறுத்த கோடு. அது மெல்ல இறங்கி, என்ஜின் முதுகோடு ஓடி, அடித்தொட்டியின் விளிம்பில் சொட்டாகத் தொங்கியது.

"விழுற இடத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. கெளம்புற இடம் மேல இருக்குது."

மூடியைக் கழற்றினேன். பின்மூலையில் பேக்கிங் நசுங்கிக் கிழிந்திருந்தது. போல்ட்டை அளவுக்கு மீறி முடுக்கியதால் வந்தது. அந்த மூடியை ஒரு மாதம் முன்பு கழற்றி மாட்டியவன் நான். வேறு யார் கையும் அதில் படவில்லை. அவர் பேக்கிங்கைப் பார்த்தார், என் ஸ்பேனரைப் பார்த்தார்.

"விரலால முடுக்குங்கண்ணே. கோவத்தால முடுக்காதீங்க."

புதிய பேக்கிங் போட்டேன். சனிக்கிழமை காலை தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, "யாரு கண்டுபிடிச்சது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் லூர்துமேரி, "அண்ணன்தான்" என்றார். நான் மறுக்கவில்லை. பிறகு ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டதற்கு, "எம்பேரைச் சொன்னா ஊரு வண்டியெல்லாம் என் தலையில கட்டுவாங்க. சோறு ஆறுது, போங்க" என்றார்.

இத்தனை வருடமாக, என்ஜினை இறக்காமலேயே கசிவைப் பிடித்தவன் என்று உங்களிடமெல்லாம் பெருமை பேசிவந்தேன். பிடித்தது லூர்துமேரி. உண்டாக்கியது நான். அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவிடாமல் முந்திக்கொண்டாரே என்று அவர் மேல் இன்றும் எனக்கு ஒரு கோபம் உண்டு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தப் பொடி மூட்டை என் வண்டியின் முன்பெட்டியில் இருக்கிறது. அடக்கம் முடிந்த மறுநாள் தலைமூடியைக் கழற்றி மாட்டும் வேலை வந்தது. பின்மூலைப் போல்ட்டில் இன்னும் ஒரு சுற்று போடலாம் என்று கை போயிற்று. ஸ்பேனரைக் கீழே வைத்தேன். விடிந்ததும் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.